கால் அங்குலப் பிளாஸ்டிக்: ‘கார்டன் ஸ்டேட்’ படமும் அதைக் கொண்டாடிக் கைவிட்ட ரசிகர்களும்

ஒன்பது வயதுப் பையன் கோபத்தில் அம்மாவைத் தள்ளிவிடுகிறான். எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவுக் கொக்கி உடைந்திருந்தது. எத்தனை முறை மூடினாலும் கதவு தானாகத் திறந்து கீழே தொங்கும். அன்றும் திறந்துதான் கிடந்தது. அம்மா அதன்மேல் தடுக்கி விழுந்தார், கழுத்தில் அடிபட்டது, மீதி வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் கழிந்தது. மனநல மருத்துவரான அப்பா, மகனுக்குள் ஏதோ கோபம் குடியிருக்கிறது என்று முடிவு செய்து, அவரே அவனுக்கு மருந்து எழுதித் தந்தார். பையன் அந்த மருந்துகளோடுதான் வளர்ந்தான். பிறகு வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு நகரத்துக்குப் போனான், ஒன்பது ஆண்டுகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கால் அங்குலப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று தன் வாழ்க்கையில் எவ்வளவைத் தீர்மானித்துவிட்டது என்று அவனே படத்தில் ஓர் இரவு வியந்துகொள்கிறான்.

2004-இல் வெளிவந்த ‘கார்டன் ஸ்டேட்’ படத்தின் ஆணிவேர் இந்தக் கொக்கிதான். அந்தப் படத்தைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் பேச்சில் இதைப் பற்றிப் பேசியவர்களை நான் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் பாடல்களையும் கதாநாயகியையும் கொண்டாடினார்கள். பின்னால் அதைத் தூக்கி எறிந்தவர்களும் அந்த இரண்டையேதான் காரணமாகச் சொன்னார்கள். அம்மா இறந்ததற்காக ஊர் திரும்பும் மகனின் கதை என்பது இரு தரப்பாரின் நினைவிலும் மங்கிப்போய்விட்டது. ஒரு சிறிய படத்தை ஒரு தலைமுறை அணைத்துக்கொண்டு பிறகு வெட்கப்பட்டுத் தள்ளிவைப்பது எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

படம் உருவான கதை

நியூ ஜெர்சி மாநிலத்தின் செல்லப்பெயர்தான் ‘கார்டன் ஸ்டேட்’, தோட்ட மாநிலம். அந்த மாநிலத்து வண்டிகளின் எண் பலகையிலேயே அது எழுதியிருக்கும். எழுதி, இயக்கி, நடித்த ஸாக் பிராஃப் அங்குள்ள சவுத் ஆரஞ்சு என்ற ஊரில் வளர்ந்தவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், நடிக்க வாய்ப்புத் தேடிக்கொண்டே உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். படத்தின் நாயகன் ஆண்ட்ரூ லார்ஜ்மனும் அதே நகரத்தில் ஒரு வியட்நாமிய உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருக்கும் துணை நடிகன்தான். 2001-இல் ‘ஸ்க்ரப்ஸ்’ என்ற மருத்துவமனை நகைச்சுவைத் தொடரில் முதன்மை வேடம் கிடைத்த பிறகுதான் பிராஃபின் முகம் வீடுகளுக்குத் தெரிந்தது.

அப்போதும் திரைக்கதைக்குப் பணம் போட ஸ்டூடியோக்கள் முன்வரவில்லை. வீட்டுக் கடன் தொழிலில் பொருள் ஈட்டிய கேரி கில்பர்ட் என்பவர் முன்வந்தார். அதுவரை சினிமாவில் அவருக்குப் பெயர் இல்லை. செலவு 25 லட்சம் டாலர். நாட்டலி போர்ட்மன், பீட்டர் சார்ஸ்கார்ட், அப்பாவாக இயன் ஹோம் என்று அந்தத் தொகைக்குப் பொருந்தாத நடிகர்கள் சேர்ந்தார்கள். 2003-இன் வசந்த காலத்தில், பிராஃப் வளர்ந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் சில வாரங்களிலேயே படப்பிடிப்பை முடித்தார்கள்.

திரைக்கதையைப் படிக்கக் கொடுக்கும்போதெல்லாம் பிராஃப் கூடவே ஒரு குறுந்தட்டையும் கொடுத்தார். எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கேட்ட பாடல்களின் தொகுப்பு அது. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இதில் இருக்கிறது.

சண்டான்ஸில் தொடங்கியது

2004 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதல் திரையிடல். ஃபாக்ஸ் சர்ச்லைட்டும் மிராமாக்ஸும் போட்டியாளர்கள். ஆனால் இரண்டும் கைகோத்து 50 லட்சம் டாலருக்குப் படத்தை வாங்கின. அமெரிக்காவுக்கு ஒருவர், வெளிநாடுகளுக்கு மற்றவர் என்று பங்கு. ஜூலை இறுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகளில் திறந்து, பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல வாரந்தோறும் அரங்குகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அமெரிக்காவில் மட்டும் 2.6 கோடி டாலருக்கு மேல் வசூல், உலகம் முழுவதும் சேர்த்து 3.5 கோடிக்கும் மேல். அடுத்த ஆண்டு சுயாதீனப் படங்களுக்கான ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த முதல் படம் என்ற விருதும் வந்தது.

விளம்பர முன்னோட்டத்துக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு. அதில் வசனம் ஏறக்குறைய இல்லை. ஃப்ரூ ஃப்ரூ குழுவின் ஒரு பாடல், அதன்மேல் அடுக்கடுக்காகக் காட்சிகள். குளியலறையின் சுவரொட்டுக் காகிதத்தில் உள்ள அதே பூ வேலைப்பாடு கொண்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் சுவரோடு சுவராகக் கரைந்து நிற்கிறான். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் இந்தப் படிமம் தெரியும்.

அந்தச் சட்டை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் படம் எதைப் பற்றியது என்று விளங்கும். அம்மா வீட்டைப் புதுப்பிக்கும்போது வாங்கிய துணியில் கொஞ்சம் மீந்துவிட்டது. இழவு வீட்டில், அடக்கம் முடிந்து உறவினர்கள் தின்பண்டத் தட்டோடு நிற்கும் நேரத்தில், அத்தை ஒருவர் ஆண்ட்ரூவைப் பிடித்து, மீந்த துணியில் உனக்குச் சட்டை தைத்திருக்கிறேன், போட்டுக் காட்டு என்று வற்புறுத்துகிறார். சுவரொட்டிகளில் இது வெறும் விசித்திரமான வடிவழகாக நின்றுவிட்டது. படத்திலோ, செத்துப்போன அம்மா கடைசியாக ஆசைப்பட்டு வாங்கிய துணி அது. அதைப் போட்டுக்கொண்டு அவர் ஒட்டச் செய்த சுவரின்முன் நிற்கும் மகனுக்கு அழுகை வரவில்லை. அவன் அந்த வீட்டில் இருந்தும் இல்லாமல் இருப்பதை இதற்கு மேல் வசனத்தில் சொல்ல முடியாது.

காதொலிப்பானும் கனவுப் பெண்ணும்

நரம்பியல் மருத்துவரின் காத்திருப்பு அறை. மின்னல் வெட்டுவதுபோல் வந்து போகும் தலைவலிக்காக ஆண்ட்ரூ உட்கார்ந்திருக்கிறான். எதிரே சாம் என்ற பெண், காதில் பெரிய காதொலிப்பான். என்ன கேட்கிறாய் என்கிறான். தி ஷின்ஸ் என்கிறாள், இந்த ஒரு பாட்டைக் கேள், உன் வாழ்க்கையே மாறிவிடும் என்று கழற்றி அவன் காதில் மாட்டுகிறாள். பாட்டு ஒலிக்க, அவன் கேட்கும் முகத்தை அவள் ஆவலோடு பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

2004-இல் இருபதுகளில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி என்ன செய்தது என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தனக்குப் பிடித்த பாடல்களைத் தொகுத்து ஒருவருக்குக் கொடுப்பது காதலைச் சொல்லும் வழியாக இருந்த காலம் அது. ஐபாட் பையில் ஏறிவிட்டது, ஆனால் பாடல்கள் இன்னும் கையிலிருந்து கைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ஷின்ஸ் குழுவின் அந்தப் பாடல் 2001-லேயே சியாட்டிலின் சப் பாப் நிறுவனத்தின் வழியாக வெளிவந்து, கொஞ்சம் பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. படம் வந்தபின் அந்தப் பழைய தொகுப்பைத் தேடித் தேடி வாங்கினார்கள். 2007-இல், படத்துக்குப் பிறகு வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு பில்போர்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது.

படத்தின் பாடல் தொகுப்பு அமெரிக்காவில் பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. கோல்ட்ப்ளே, நிக் டிரேக், சைமனும் கார்ஃபங்கலும், அயர்ன் அண்ட் வைன் என்று பழையதும் புதியதும் கலந்த வரிசை. பெரும்பாலானவை ஏற்கெனவே வெளியான பாடல்கள். பிராஃப் செய்தது தேர்ந்தெடுத்து அடுக்கியதுதான். அதற்காகவே அவருக்கு 2005-இல் கிராமி விருது கிடைத்தது. திரைக்கதையோடு கொடுத்தனுப்பிய குறுந்தட்டு விருது மேடை வரை வந்துவிட்டது.

என் கணிப்பில் வம்பு தொடங்கிய இடமும் இதுதான். ஒரு பாட்டு வாழ்க்கையை மாற்றும் என்று படம் சொன்னது, ரசிகர்கள் நம்பினார்கள். அந்தப் பாடல்கள் பிறகு காபிக் கடைகளிலும் விளம்பரங்களிலும் ஒலிக்கத் தொடங்கியதும் நம்பியவர்களுக்குக் கூச்சம் வந்தது. தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், முதலில் கோபம் வருவது அந்த ரகசியத்தைச் சொன்னவன் மேல்தான். சில ஆண்டுகளில், இந்தப் படம் பிடிக்கும் என்று சொல்வதற்கே தயங்கும் நிலை வந்துவிட்டது.

2007-இல் விமர்சகர் நேதன் ராபின் வேறொரு படத்தைப் பற்றி எழுதும்போது ஒரு வகைப் பாத்திரத்துக்குப் பெயர் வைத்தார். துள்ளலும் கிறுக்குத்தனமும் கொண்ட கனவுப் பெண் என்று அதைத் தமிழில் சொல்லலாம். சுருண்டு கிடக்கும் இளைஞனுக்கு வாழக் கற்றுத்தருவதற்கென்றே எழுத்தாளர்களின் கற்பனையில் பிறந்தவள், அவளுக்கென்று வேறு வேலை கிடையாது என்பது சாரம். அவர் எழுதிக்கொண்டிருந்த படமும் அப்பாவின் சாவுக்காக அவருடைய சொந்த ஊருக்குப் போகும் மகனின் கதை. அதே மூச்சில் அவர் இன்னோர் எடுத்துக்காட்டாகச் சொன்னது ‘கார்டன் ஸ்டேட்’ படத்தின் சாமை. அந்தப் பெயர் தீயாகப் பரவியது. அதன்பின் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த ஒரு சொல்லில் பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துப் படத்தைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை. சாமுக்கு வலிப்பு நோய் இருக்கிறது, வேலை செய்யும் இடத்தில் தலைக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டிய அவமானம் இருக்கிறது, வாயைத் திறந்தால் பொய் வருகிறது, உடனே அதற்கு மன்னிப்பும் வருகிறது. செத்துப்போன வளர்ப்புப் பிராணிகளை அவள் வீட்டுக் கொல்லையில் வரிசையாகப் புதைத்து வைத்திருக்கிறாள். நாட்டலி போர்ட்மன் இவை அனைத்துக்கும் உயிர் கொடுக்கிறார். தலைக்கவசக் கதையைச் சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் அந்த முகத்துக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம். ஆனால் இவளுக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று திரைக்கதை ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அவளுடைய நாட்கள் ஆண்ட்ரூ ஊரில் இருக்கும் அந்த நான்கு நாட்களோடு தொடங்கி முடிகின்றன.

ராபினும் 2014-இல் அந்தச் சொல்லை உருவாக்கியதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதினார். கலகலப்பாகப் பேசும் எந்தப் பெண் பாத்திரத்தின் மேலும் அதை ஒட்டிவிட்டு, அவளைப் பற்றி யோசிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது அவருடைய வருத்தம். அதற்குள் சாம் என்ற பாத்திரத்தை நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது.

மருந்து பற்றிய குறை இதைவிடக் கனமானது, அதற்குக் கிடைத்த கவனமோ குறைவு. வரிசை வரிசையாக மாத்திரைக் குப்பிகள் அடுக்கிய அலமாரியை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறான் ஆண்ட்ரூ, மருந்து இல்லாமலேயே உணர்வு திரும்புகிறது. அவன் எடுத்துவந்த லித்தியம், இருமுனை மனநோய்க்குப் பயன்படும் பழைய, நம்பகமான மருந்து. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தேவைப்படும் நோயாளி திடீரென்று நிறுத்தினால் நோய் மறுபடி முற்றும் அபாயம் உண்டு. அவனுக்கு அந்த மருந்து தேவையே இல்லை, குற்றவுணர்ச்சிக்குத் தண்டனையாகத்தான் தரப்பட்டது என்பது கதையின் நிலை. வேறு மருத்துவரைப் பார், அவர் உன் அப்பாவாக இருக்கக் கூடாது என்று நரம்பியல் மருத்துவர் சொல்வதும் இருக்கிறது. ஆனாலும் மாத்திரையை விட்டுவிட்டுக் காதலித்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தோடு அரங்கிலிருந்து வெளியே போக இந்தப் படம் இடம் கொடுக்கிறது. அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

யாரும் நுழையாத வீடு

இனி அந்த வீட்டுக்குள் போகலாம். ஊர் திரும்பியவனுக்கு முதலில் எதிர்ப்படும் பழைய நண்பன் மார்க். ஆண்ட்ரூவின் அம்மாவுக்குக் குழி தோண்டியவனே அவன்தான். பீட்டர் சார்ஸ்கார்டின் நடிப்பில் சோம்பலும் கூர்மையும் ஒன்றாக இருக்கின்றன. இன்னும் தன் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறான், பிணத்தின் நகையைக் கழற்றி விற்கிறான், அதற்காக வெட்கப்படுவதும் இல்லை. இன்னொரு நண்பன் போலீஸ்காரனாகிவிட்டான். மற்றொருவன் பிரிக்கும்போது சத்தம் வராத வெல்க்ரோ ஒட்டுப்பட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, காப்புரிமையை விற்று, கோடீஸ்வரனாகி, சாமான் இல்லாத பெரிய மாளிகையில் பொழுதுபோகாமல் திரிகிறான். ஊரில் தங்கிவிட்டவர்களைப் படம் ஏளனம் செய்வதில்லை. வெளியே போனவனும் ஒன்றும் சாதித்துவிடவில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

அந்த மாளிகையின் நீச்சல் குளத்தில் இரவு நேரத்தில் ஆண்ட்ரூ சாமிடம் பேசுகிறான். வளர்ந்த வீடு ஒரு நாள் திடீரென்று நம் வீடு இல்லாமல் போய்விடுகிறது, சாமான்கள் மட்டும் அங்கே இருக்கின்றன. இல்லாத ஓர் இடத்துக்காக ஏங்குகிறோம். ஒரே கற்பனை இடத்துக்காகச் சேர்ந்து ஏங்குபவர்களைத்தான் குடும்பம் என்கிறோமோ என்னவோ என்கிறான். படத்தின் மொத்தக் கனமும் இந்த நீச்சல் குளத்தில் இருக்கிறது. கால் அங்குலப் பிளாஸ்டிக்கின் கதையை அவன் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்வதும் அதே இரவில், கணப்பின் அருகேதான்.

மறுநாள் மார்க் அவர்களைக் காரணம் சொல்லாமல் ஊர் ஊராக அலைய வைக்கிறான். நெவார்க் பக்கத்தில் ஒரு கல்குவாரி, அடியில் படகு ஒன்றை வீடாக்கிக்கொண்டு பள்ளத்துக்குக் காவல் இருக்கும் குடும்பம். மழையில் மூவரும் இயந்திரத்தின் மேல் ஏறி நின்று பள்ளத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள், பாட்டு ஏறுகிறது, முத்தம். எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி. அந்த அலைச்சல் எதற்கு என்பதைத்தான் மறந்துவிட்டார்கள். மார்க் பிணத்திலிருந்து எடுத்து விற்ற நகைகளில் ஆண்ட்ரூவின் அம்மாவுக்குப் பிடித்த பதக்கமும் இருந்தது. கையை மாறிப் போன அதைத் தேடி மீட்டு நண்பனிடம் ஒப்படைக்கத்தான் அத்தனை பயணமும். திருடன் தன் திருட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. முத்தத்தைவிட இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு அப்பா. இயன் ஹோமுக்குக் கிடைத்த காட்சிகள் மிகச் சில. ஒழுங்காக வாரிய தலை, அளந்து பேசும் குரல், மகனின் உடல்நிலையை நோயாளியின் குறிப்பேட்டைப் புரட்டுவதுபோல் விசாரிக்கும் பழக்கம். கடைசியில் மகன் எதிரே உட்கார்ந்து, அம்மாவின் நிலைக்கு நான் காரணமில்லை, இனி இந்த மருந்துகள் வேண்டாம், உங்களை மன்னிக்கிறேன், நீங்கள் ஆசைப்பட்ட அளவுக்கு நாம் சந்தோஷமாக இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் இருந்து பார்ப்போம் என்கிறான். அப்பாவின் முகத்தில் ஏதோ அசைகிறது. அது என்ன என்பதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. மனைவியை இழந்த மனிதர் அவர். ஆனால் அந்த இழப்புக்குப் படத்தில் ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

பின்னர் நடந்தவை

2013-இல் பிராஃப் இரண்டாவது படத்துக்கு ரசிகர்களிடமே கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் கேட்டார். 20 லட்சம் டாலர் கேட்ட இடத்தில் 46,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 31 லட்சம் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் சம்பாதித்த நடிகர் கையேந்தலாமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. 2014-இல் வெளிவந்த அந்தப் படம் முதல் படத்தின் வெற்றியை நெருங்கவில்லை. அதன் கதையில் நடுநாயகமாக இருப்பவர் சாகக் கிடக்கும் அப்பா. முதல் படத்தில் பாதியில் விட்ட பேச்சைத் தொடரத்தான் பத்து ஆண்டுகள் கழித்து வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. பேசியவர்கள் பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

2025 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸின் கிரீக் தியேட்டரில் இருபதாண்டு நிறைவு இசை நிகழ்ச்சி நடந்தது. ஷின்ஸ், ஃப்ரூ ஃப்ரூ, அயர்ன் அண்ட் வைன் என்று அன்றைய பாடகர்களே மேடையேறினார்கள். அன்று இருபதுகளில் இருந்தவர்கள் இப்போது நாற்பதுகளில் இருக்கிறார்கள், கூச்சம் விலகிவிட்டது. வீட்டை விட்டுப் போனவர்களுக்கு இன்று வீட்டில் அப்பாவும் அம்மாவும் முதுமையில் இருப்பார்கள், சிலருக்கு இல்லாமலும் போயிருப்பார்கள். இந்த வயதில் படத்தை மறுபடி போட்டுப் பார்ப்பவர்களுக்குக் காத்திருப்பு அறையைவிட அந்தப் பூப்போட்ட குளியலறை அதிக நேரம் கண்ணில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

ரசிகர்கள் மேல் மட்டும் பழிபோட முடியாது. கடைசிக் காட்சி எங்கே நடக்கிறது என்று பாருங்கள். விமான நிலையத்தில். ஆண்ட்ரூ சாமிடம் விடைபெற்று விமானத்தில் ஏறி உட்காருகிறான், அவள் தொலைபேசிக் கூண்டுக்குள் அழுதுகொண்டிருக்கிறாள், அவன் இறங்கி ஓடி வந்துவிடுகிறான், முன்னோட்டத்தில் ஒலித்த அதே பாட்டு எழுகிறது, இனி என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே முத்தமிடுகிறார்கள். பெண்ணும் பாட்டும். பார்த்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்களோ, அதைத்தான் படமும் கடைசியாகக் கையில் கொடுத்தது. சில மைல் தொலைவில், அந்தப் பெரிய வீட்டில், அப்பா தனியாக இருக்கிறார். மகன் போகவில்லை, ஊரிலேயே இறங்கிவிட்டான் என்று அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.